ஒரே பை, வெவ்வேறு பிள்ளைகள்



நவம்பர் 17 உலகக் குறைப்பிரசவ நாள். 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் 37 வாரம் நிறையுமுன் பிறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அவர்களில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் இந்தியாவில் பிறந்தவர்கள். வேறு எந்த நாட்டிலும் இத்தனை பேர் இல்லை. கங்காருப் பராமரிப்பு, கண் பரிசோதனை, தாய்ப்பால் வங்கி என்று நிறையப் பேசியிருக்கிறோம். தாய்ப்பால் உள்ளே இறங்குவதற்கும் முன்னால் இந்தப் பிள்ளைகளுக்குப் போகும் முதல் சாப்பாட்டைப் பற்றி நாம் அதிகம் பேசியதில்லை. அது ரத்தக்குழாய் வழியே போகும் சாப்பாடு. மருத்துவமனையில் ‘டிபிஎன்’ என்பார்கள்.

இப்போது இதை எழுத வைத்தது என் அக்கா மகளின் போன்தான். அவள் இங்கிலாந்தில் இருக்கிறாள். 27 வாரத்திலேயே பிரசவம் ஆகிவிட்டது, பெண் குழந்தை, 900 கிராம். “சித்தி, எல்லாக் குழந்தைக்கும் ஒரே பைதானாம். ஃப்ரிட்ஜிலேருந்து எடுத்து மாட்டிட்டுப் போறாங்க. ரெடிமேட் சட்டை மாதிரி! நம்ம பாப்பாவுக்குன்னு பார்த்துப் போட மாட்டாங்களா?” என்று அழுதாள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் குழந்தையைத் தொடக்கூடத் தயங்கும் தாய்க்கு, அதற்குப் போகும் உணவாவது அதற்கென்றே செய்ததாக இருக்கவேண்டும் என்று தோன்றாதா? ஆனாலும் இந்த விஷயத்தில் அந்த மருத்துவமனை செய்தது சரி என்பதே என் எண்ணம். ஏன் என்று உங்களிடமும் சொல்ல விரும்புகிறேன்.

வயிற்றில் கடைசி மூன்று மாதம்தான் குழந்தை சேமிக்கும் காலம். எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் அப்போதுதான் சேர்கிறது. நஞ்சுக்கொடி ராத்திரி பகல் பார்க்காமல் அமினோ அமிலங்களை அனுப்பிக்கொண்டே இருக்கும். 27 வாரத்தில் தொப்புள்கொடியைக் கத்தரித்த அந்த நிமிடம் இந்த வரத்து நின்றுபோகிறது. வெறும் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால், இவ்வளவு சிறிய குழந்தை தன் உடம்பின் புரதத்தில் நாளொன்றுக்கு ஒரு சதவீதத்துக்கும் மேல் கரைத்துத் தின்னத் தொடங்கிவிடும். தசையும் மூளையும் வளரவேண்டிய வயது அது. பாலைக் கொடுத்துவிடலாமே என்றால், குடல் இன்னும் பழகவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அரை மில்லி, ஒரு மில்லி சீம்பால் என்று மூக்கு வழிக் குழாயில் விட்டுத்தான் பழக்கவேண்டும். முழு வயிற்றுக்கும் பால் என்ற நிலைக்கு வர ஒரு வாரம் ஆகலாம், இரண்டு வாரமும் ஆகலாம். இடைப்பட்ட நாட்களுக்குத்தான் இந்தப் பை.

இந்த வைத்தியம் பிறந்ததே ஒரு தனிக்குழந்தைக்காக. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஸ்டான்லி டட்ரிக் என்ற இளம் அறுவை மருத்துவர் முதலில் பீகிள் நாய்க்குட்டிகளுக்கு முழு உணவையும் ரத்தக்குழாய் வழியே கொடுத்து, வாயால் தின்ற குட்டிகளைப்போலவே அவையும் வளர்வதைக் காட்டினார். பிறகு, சிறுகுடல் கிட்டத்தட்ட முழுவதும் இல்லாமல் பிறந்த ஒரு பெண்குழந்தைக்கு அதே முறையில் உணவூட்டினார்கள். டக்ளஸ் வில்மோரும் டட்ரிக்கும் 1968-இல் அதை எழுதி வெளியிட்டார்கள். குழந்தை எடை கூடினாள், தலைச்சுற்றளவு வளர்ந்தது. அவளுக்கான ஒவ்வொரு புட்டியும் அவளுக்கென்றே கலந்தது. அந்த வழக்கம்தான் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒவ்வொரு நாளும் ஒரு புதிய சீட்டு.

அந்தச் சீட்டு எப்படிப் பயணப்படும் என்று பாருங்கள். காலையில் ரத்தம் எடுப்பார்கள். முடிவு வந்ததும் மருத்துவர் சோடியம், பொட்டாசியம், சுண்ணாம்பு, பாஸ்பேட், அமினோ அமிலம், குளுக்கோஸ் என்று ஒவ்வொன்றாகக் கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்குப் போடுவார். சீட்டு மருந்தகத்துக்குப் போகும். மருந்தாளர் சரிபார்த்து, கிருமியில்லாத காற்றோட்டக் கூண்டுக்குள் கைவிட்டுக் கலப்பார். பை வார்டுக்கு வந்துசேரச் சாயங்காலம் ஆகிவிடும். காலையில் எடுத்த ரத்தத்தின் சோடியம் சாயங்காலம் வரை அப்படியே காத்திருக்குமா? முதல் வாரத்துக் குழந்தையின் உடம்பு மணிக்கு மணி மாறுவது. சனிக்கிழமை இரவு இரண்டு மணிக்குப் பிறந்தால் இன்னும் மோசம், கலப்பதற்கு ஆள் இருக்காது. அதுவரை வெறும் குளுக்கோஸ்தான். தனியாகச் செய்து கொடுக்கிறோம் என்ற நல்லெண்ணத்தில், மிக முக்கியமான முதல் இரவு பட்டினியில் போய்விடும்.

கணக்கிலும் கை தவறும். 2006-இல் அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் ஒரு குறைமாதக் குழந்தைக்கான சீட்டில் துத்தநாகம் மைக்ரோகிராமில் எழுதப்பட்டிருந்தது. கலக்கும் கருவியின் கணினியில் அது மில்லிகிராமாக ஏறிவிட்டது. ஆயிரம் மடங்கு. இதற்குமேல் போகாதே என்று கருவியில் வரம்பும் வைத்திருக்கவில்லை. குழந்தை பிழைக்கவில்லை. ஒவ்வொரு நாளும் முப்பது நாற்பது எண்களைப் புதிதாக எழுதும் எந்த ஏற்பாட்டிலும் இந்த ஆபத்து இருந்துகொண்டே இருக்கும், எழுதுகிறவர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும்.

வேதியியலும் ஒரு முட்டுக்கட்டை. சுண்ணாம்பும் பாஸ்பேட்டும் ஒரே பையில் அளவு மீறிச் சேர்ந்தால் சுண்ணாம்புத் தூளாகப் படிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் துகள் நுரையீரலின் நுண்குழாய்களை அடைத்துவிடும். இப்படி இரண்டு உயிர்கள் போனபிறகு 1994-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. எல்லோருக்கும் பொதுவாக முன்கூட்டியே வகுத்துவைத்த ஒரே கலவை என்றால், அது எத்தனை நாள் படியாமல் தெளிவாக இருக்கும் என்பதை ஆய்வகத்தில் வைத்துப் பார்த்தபிறகே வார்டுக்கு அனுப்பலாம். இன்றைக்கு ஒரு குழந்தைக்காகப் பிறந்து நாளைக்கு மறைந்துபோகும் கலவையை அப்படிச் சோதித்துப் பார்க்க நேரமேது?

இவற்றையெல்லாம் எடைபோட்டுத்தான் ஐரோப்பியக் குழந்தை மருத்துவச் சங்கங்கள் 2018-இல், மிகக் குறைந்த எடையில் பிறந்தவர்கள் உட்படப் பெரும்பாலான குழந்தைகளுக்கு வகுத்த கலவையே போதும் என்றன. இங்கிலாந்தின் ‘நைஸ்’ அமைப்பு 2020 பிப்ரவரியில் வெளியிட்ட வழிகாட்டலும் வகுத்த கலவையில் தொடங்கச் சொல்கிறது. 31 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளுக்கு இந்த உணவைத் தொடங்கவேண்டும், முடிவெடுத்தபின் எப்படிப் போனாலும் எட்டு மணி நேரத்துக்குள் தொடங்கிவிடவேண்டும் என்பதும் அதில் உண்டு. ஃப்ரிட்ஜில் பை தயாராக இல்லாமல் எட்டு மணி நேரக் கெடுவை எந்த ஊரிலும் காப்பாற்ற முடியாது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பல மருத்துவமனைகள் கூடிப்பேசிப் பொதுக் கலவைகளை வகுத்துக்கொண்டதும் இப்படித்தான்.

என் அக்கா மகளுக்கு நான் விளக்கிச் சொன்னது, பையிலிருந்து உணவை அளந்து செலுத்தும் பம்பைப் பற்றி. பை எல்லோருக்கும் ஒன்றுதான், ஆனால் அது போகும் வேகம் அவள் குழந்தைக்கு மட்டுமே உரியது. 900 கிராமுக்கு முதல் நாள் மொத்தம் 72 மில்லி, அதாவது மணிக்கு 3 மில்லி. அமினோ அமிலமும் குளுக்கோஸும் உப்புகளும் அடங்கிய பையிலிருந்து 2.8. பால்போல வெள்ளையாகத் தனி ஊசிக்குழலில் இருக்கும் கொழுப்பு 0.2. வெளிச்சம் பட்டால் கெடும் என்று குழாய்க்கும் பைக்கும் உறை போட்டிருப்பார்கள். எண்ணை அழுத்துவதற்கு முன் செவிலியர் இருவர் வந்து, ஒருவர் படிக்க ஒருவர் பார்த்து, கையெழுத்துப் போடுவார்கள். நாளைக்கு எடையும் ரத்தமும் பார்த்து 2.8 மாறும். பால் கூடக் கூட இது குறையும். “அந்த நம்பரைப் பாருடி, அது உன் பொண்ணுக்குப் போட்டதுதான்” என்றேன்.

ஒரே பை எல்லோருக்கும் பொருந்திவிடாது, அதையும் சொல்லவேண்டும். குடல் அறுவைக்குப்பின் வயிற்றில் திறப்பு வைத்து, அதன் வழியே தன் உடம்புக்கு மிக அதிகமாக உப்பை இழக்கும் குழந்தை, சிறுநீரகம் நின்றுபோனது, பிறவியிலேயே சில அமினோ அமிலங்களைச் சிதைக்க முடியாதது, வாரக்கணக்கில் பையை நம்பியே இருப்பது. இவர்களுக்குத் தனிச்சீட்டு எழுதித்தான் ஆகவேண்டும். ரத்த அழுத்த மருந்து, வலி மருந்து என்று ஐந்தாறு குழாய்கள் ஓடும் குழந்தைக்குத் திரவத்தின் பெரும்பகுதியை மருந்துகளே எடுத்துக்கொள்ளும். பை ஓட இடம் இராது, ஊட்டம் பாதியாகிவிடும். அதற்காகவே அடர்த்தி கூடிய இன்னொரு பையையும் வகுத்து வைக்கிறார்கள். தனிக்கலவையில் எடை கூடுதலாக ஏறியதாகச் சொல்லும் ஆய்வுகளும் இருக்கின்றன என்பதை மறைக்கக்கூடாது. ஆனால் அந்த வித்தியாசம் தனிக்கலவை என்பதால் வந்ததா, பொதுப் பையில் சத்து குறைவாக வைத்திருந்ததால் வந்ததா என்று கேட்கவேண்டியிருக்கிறது.

ஏனென்றால் பையில் என்ன எழுதியிருக்கிறது என்பதே பெரிய கேள்வி. லிவர்பூலில் 150 குழந்தைகளை வைத்து நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், இரண்டுமே வகுத்த கலவைகள்தான். ஒன்றில் புரதமும் சக்தியும் கூடுதல். அதைப் பெற்றவர்களின் தலை 28 நாளில் நன்றாகவே வளர்ந்திருந்தது. அப்படியானால் இன்னும் கூட்டலாமே என்று ஆசை வரும். நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்த ஓர் ஆய்வில் முதல் ஐந்து நாள் தினமும் ஒரு கிராம் அமினோ அமிலம் அதிகமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு வயதில் ஊனமின்றி உயிரோடிருப்போர் எண்ணிக்கை கூடவில்லை என்று 2022-இல் தெரியவந்தது. எனவே பொதுச் சீட்டை ஒருமுறை எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுப் போக முடியாது.

பொதுவில் செய்வதன் பெரிய கவலை, தவறும் பொதுவாகிவிடும் என்பது. குறைமாதக் குழந்தைகளுக்கென்றே ஐரோப்பாவில் விற்ற ஒரு பையில் மக்னீசியம் அளவு மீறக்கூடும் என்று 2013-இல் கண்டுபிடித்து நிறுத்திவைத்தார்கள். 2014-இல் இங்கிலாந்தில் ஒரே கூடத்தில் தயாரான பைகளில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி புகுந்து, பல மருத்துவமனைகளின் குழந்தைகளைத் தாக்கியது. உயிர்களும் போயின. தனிக்கலவையோ பொதுக்கலவையோ, தயாரிக்கும் கூடத்தின் சுத்தத்தில் கை வைத்தால் எல்லாம் போச்சு. என்னிடம் பணம் கொடுத்து ஒன்றைச் செய் என்றால் நான் முதலில் அந்தக் கூடத்துக்குத்தான் செலவழிப்பேன்.

நம் ஊரில் பல இடங்களில் பயிற்சி மருத்துவர் கணக்குப் போட, செவிலியர் வார்டிலேயே கலக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. முப்பது குழந்தைக்கு நடுவில் நின்று அதைச் செய்பவர்களின் பொறுமையை நான் வணங்குகிறேன். அந்தச் சுமையை அவர்கள் தோளிலிருந்து இறக்க, இரண்டு மூன்று பொதுக் கலவைகளை நல்ல கூடத்தில் தயாரித்துப் பல மருத்துவமனைகளும் பகிர்ந்துகொள்ள வழி பிறக்கவேண்டும் என்பது என் ஆசை.

பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவான என்.ஐ.சி.யு.வின் வாசலில் நிற்கும் பெற்றோர்களே, ‘தனியாகப் போட்டதா’ என்று கேட்பதைவிட, ‘எத்தனை மணிக்கு ஆரம்பிச்சீங்க, எடையும் தலைச்சுற்றளவும் எவ்வளவு, பால் இன்னைக்கு எவ்வளவு கூட்டினீங்க’ என்று கேளுங்கள். கோபப்படாமல் சொல்வார்கள். பச்சிளங்குழந்தை வார்டுகளில் வேலை செய்யும் மருத்துவர், செவிலியர், மருந்தாள வாசகர்கள் உங்கள் இடத்தில் பை எப்படித் தயாராகிறது, இரவில் பிறக்கும் குழந்தைக்கு முதல் புரதம் எத்தனை மணிக்குப் போகிறது என்று எங்களுக்கு எழுதுங்கள். வரும் இதழில் இந்தப் பக்கத்தை உங்கள் கடிதங்களுக்கே விட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்