மெதுவாக ஓடும் படம் பாதி சாட்சிதான்

பனிக்கட்டி ஹாக்கி ஆட்டத்தை டெலிவிஷனில் பார்ப்பவர்கள் நம்மில் மிகச் சிலரே. ஆனால் அந்த ஆட்டத்தில் பல ஆண்டுகளாக நடந்துவரும் ஒரு வழக்கு நம் வாசலுக்கும் வந்துவிட்டது. "ஸ்லோ மோஷன்" என்னும் மெது ஓட்டப் படத்தைப் பற்றிய வழக்கு அது.

அந்த ஆட்டத்துக்கு மெது ஓட்டம் அவசியம்தான். அங்கே பந்து கிடையாது. 3 அங்குல அகலமும் 1 அங்குல கனமும் உள்ள ரப்பர் வில்லை. "பக்" என்று பெயர். ஓங்கி அடித்தால் மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். அதாவது வினாடிக்கு 44 மீட்டர். வினாடிக்கு 30 படம் பிடிக்கும் காமிராவில், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே வில்லை ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் கடந்துவிடும். கோல் கோட்டின் அகலமோ 2 அங்குலம். வெறும் கண்ணை மட்டும் நம்பி ரெபரி என்ன செய்வார்?

கோலை உடனே மறுபடி காட்டும் வழக்கத்துக்கு வழிகாட்டியதும் இந்த ஆட்டமே. 1955-ம் ஆண்டில் கனடாவின் சி.பி.சி. நிறுவனத்து டைரக்டர் ஜார்ஜ் ரெட்ஸ்லாப், கோலைப் பிலிமில் பதித்து, அவசரமாகக் கழுவி, சற்று நேரத்தில் திரும்பக் காட்டினார். 1991-92 சீசனில், கோல் விழுந்ததா என்பதை வீடியோ பார்த்துத் தீர்மானிக்கும் விதியை வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக் கொண்டுவந்தது. 1992-ல் டர்பன் டெஸ்டில் டி.வி. பார்த்து டெண்டுல்கருக்கு ரன் அவுட் கொடுத்ததை நம் கிரிக்கெட் ரசிகர்கள் அறிவார்கள்.

சண்டை தீர்ந்ததா? இல்லை. 1999 ஸ்டான்லி கோப்பை இறுதிப் பந்தயத்தில், மூன்றாவது கூடுதல் நேரத்தில் பிரெட் ஹல் கோல் போட்டார். டல்லஸ் அணி கோப்பையை வென்றது. ஹல்லின் கால் கோல் காப்பாளரின் கட்டத்துக்குள் இருந்ததைப் படம் தெளிவாகக் காட்டியது. அது விதிப்படி சரியா என்று பபலோ நகரத்தார் கேட்ட கேள்வி இன்னும் ஓயவில்லை. 2004 இறுதிப் பந்தயத்தில் கால்கரி அணியின் மார்ட்டின் ஜெலினாஸ் தட்டிய வில்லை கோட்டைத் தாண்டியதா என்பதும் இப்படியே. பார்த்தவர்களில் பாதிப் பேர் "ஆம்" என்றார்கள். பாதிப் பேர் "வில்லை எழும்பி நின்றதால் அப்படித் தெரிகிறது" என்றார்கள்.

என் அபிப்பிராயம் இதுதான். "எங்கே?" என்ற கேள்விக்கு மெது ஓட்டம் நல்ல சாட்சி. கோட்டுக்கு அப்பாலா, இப்பாலா என்று அது சொல்லும். "வேண்டுமென்றே செய்தானா?" என்ற கேள்விக்கு அதைத் தனியாகக் கூண்டில் ஏற்றக்கூடாது.

காரணம் எளிது. அரை வினாடியில் நடந்த மோதலை ஐந்து வினாடியாக இழுத்துக் காட்டினால், மோதியவனுக்கு யோசிக்க ஐந்து வினாடி இருந்தது போலத் தோன்றுகிறது. "விலகியிருக்கலாமே! மனதில் வஞ்சம் வைத்துத்தான் இடித்தான்" என்று சொல்லிவிடுகிறோம். அவனுக்குக் கிடைத்தது அரை வினாடிதான். 2016-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரே சம்பவத்தை மெதுவாகப் பார்த்தவர்கள், சாதாரண வேகத்தில் பார்த்தவர்களைவிட அதிகமாக "வேண்டுமென்றே செய்தது" என்றார்கள். இரண்டு வேகத்திலும் காட்டியபோது இந்தக் கோணல் குறைந்தது, முழுவதும் போகவில்லை.

2019-20 சீசனிலிருந்து, பெரிய தண்டனை கொடுத்த ரெபரி படத்தைப் பார்த்து அதை உறுதி செய்யலாம், அல்லது 2 நிமிடத் தண்டனையாகக் குறைக்கலாம் என்று அந்த லீக் விதி செய்தது. நல்ல விதி. அவசரத்தில் கொடுத்த தண்டனையிலிருந்து ஆட்டக்காரனைக் காப்பாற்றும். ஆனால் படத்தை எந்த வேகத்தில் பார்க்கிறார் என்பதில்தான் நியாயம் இருக்கிறது.

நமக்கு இதில் என்ன? பட்டறையிலும், கிடங்கிலும், டிக்கெட் கவுண்டரிலும் இன்று தலைக்கு மேல் காமிரா இருக்கிறது. கியூ வாசல்வரை நிற்கும்போது குமாஸ்தா ஒரு நொடியில் சில்லறை எண்ணித் தள்ளுகிறார். இயந்திரத்தில் ஓட்டுபவர் கை ஒரு நொடி தவறுகிறது. பிறகு விசாரணை அறையில் நாலு பேர் உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டே அந்த ஒரு நொடியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால், கைத்தவறு கைவரிசையாகத் தெரியும். வேலை போவது அந்த வேகத்தில் அல்ல. ஒரே நாளில் போய்விடும்.

காமிராவே வேண்டாம் என்று சொல்லவில்லை. பொய்ப் புகாரிலிருந்து தொழிலாளியைக் காப்பாற்றுவதும் அதே காமிராதான். கேட்பது ஒன்றே: படத்தை முதலில் நடந்த வேகத்தில் காட்டுங்கள். எத்தனை வினாடியில் நடந்தது என்று பதிவு செய்யுங்கள். பிறகு மெதுவாகக் காட்டுங்கள். விசாரணைக்குப் போகும் தோழர்களும், துணைக்குப் போகும் சங்கத்தாரும் இதைக் கேட்டு வாங்க வேண்டும். கொடுக்க மறுத்தால், மறுத்ததையும் எழுத்தில் பதியச் சொல்ல வேண்டும்.