பக்கத்து வீட்டுக் கண் மருந்து



சென்ற மாதம் ஒரு நாள் காலை, என் மாணவி ஒருத்தியின் தகப்பனார் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். வலது கண் செக்கச் சிவந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. முதல் நாள் செம்பனைக் குலை வெட்டும்போது மட்டைத் தூள் விழுந்ததாம். கையில் ஒரு சிறு புட்டி.

"பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கண்புரை அறுத்தபோது கொடுத்தது, வாத்தியாரே. நல்லாக் கேட்டதாம். எத்தனை சொட்டு விடணும்னு படிச்சுச் சொல்லுங்க" என்றார்.

புட்டியில் 'டெக்சாமெத்தசோன்' என்றிருந்தது. அது ஸ்டீராய்டு மருந்து. "ஒரு சொட்டும் வேண்டாம், இப்போதே கிளினிக்குக்குப் போங்கள்" என்றேன். ஏன் தெரியுமா?

கண்ணில் அழற்சி கண்டால் உடம்பு சில இரசாயனப் பொருள்களைச் சுரக்கிறது. அவற்றால் இரத்தக் குழாய்கள் விரிந்து கண் சிவக்கிறது, வீங்குகிறது, வலிக்கிறது. ஸ்டீராய்டு அந்தச் சுரப்பை அடக்குகிறது. அறுவைக்குப் பின்னும், கண்ணின் உள்ளே அழற்சி வந்தாலும், பார்வையைக் காக்கும் நல்ல மருந்து அது. அக்காவுக்குக் கொடுத்தது சரியே.

ஆனால், அது கிருமியைக் கொல்லாது. கிருமியை எதிர்க்கும் உடம்பின் சக்தியையும் குறைத்துவிடும். இலையோ மட்டையோ பட்ட கண்ணில் பூஞ்சைக் கிருமி புகக்கூடும். அங்கே ஸ்டீராய்டு விடுவது, வீட்டுக்குள் திருடன் இருக்கையில் குரைக்கும் நாயின் வாயைக் கட்டுவது போல. சிவப்பு குறையும், கருவிழியில் புண் பரவும். பார்வையே போகலாம்.

டாக்டர் கொடுத்திருந்தாலும் கவனம் வேண்டும். நீண்ட நாள் விட்டால் கண்ணின் உள் அழுத்தம் ஏறி நரம்பு கெடலாம், கண்புரையும் வரலாம். ஆகவே சொன்ன நாளில் மறுபடி போய்க் காட்டுங்கள். நன்றாகிவிட்டது என்று நீங்களாகத் திடீரென நிறுத்தவும் வேண்டாம், அழற்சி திரும்பிவிடும். டாக்டர் படிப்படியாகக் குறைப்பார்.

கண்ணில் தூள் விழுந்தால் கசக்காதீர்கள். சுத்தமான தண்ணீரால் கழுவுங்கள். வலியோ, சிவப்போ, மங்கலோ இருந்தால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

அந்தத் தகப்பனாருக்குக் கருவிழியில் கீறல் இருந்தது. டாக்டர் வேறு மருந்து கொடுத்தார். இப்போது வேலைக்குப் போகிறார்.

உங்கள் வீட்டு அலமாரியிலும் பழைய புட்டி ஒன்று இருக்கலாம். திறந்து ஒரு மாதம் ஆகியிருந்தால், இன்றே எறிந்துவிடுங்கள். பக்கத்து வீட்டுக்கு உப்பு கொடுக்கலாம், புளி கொடுக்கலாம். கண் மருந்து மட்டும் வேண்டாம்.