சிந்தெடிக் கோர்ட்டும் சித்திரை வெயிலும்

ஒரு பள்ளிக்கூடம் முன்னேறிடுச்சுன்னு காட்டணும்னா நம்ம ஊர்ல இப்போ ரெண்டு வழி. ஒண்ணு, வாசல்ல பெரிய ஆர்ச். இன்னொண்ணு, நீலமும் பச்சையுமா பெயிண்ட் அடிச்ச சிந்தெடிக் கோர்ட். ஆர்ச்சால யாருக்கும் கெடுதல் இல்லை, கொஞ்சம் நிழலாவது விழும். ரெண்டாவதைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

விஷயம் என்னன்னா, கரூர் பக்கம் நான் படிச்ச பள்ளியில ரெண்டு டென்னிஸ் கோர்ட் இருக்கு. ரெண்டுமே மண் தரை. அதை எடுத்துட்டு சிந்தெடிக் போடணும்னு பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் வசூல் நடக்குது. "இன்னும் எத்தனை நாளைக்குப்பா பசங்க மண்ணுல ஆடுறது?"ன்னு ஒரு அண்ணன் அமெரிக்காவில் இருந்து கேட்டார். உடனே முப்பது பேர் கைதட்டினாங்க. நான் படிச்சது சிவில், பொட்டி தட்டுறது ஜாவாவில். வாங்கின பட்டத்துக்கு இதுவரைக்கும் ஒரு செங்கல் கூட எடுத்து வச்சதில்லை. இந்த ஒரு விஷயத்துலயாவது வாயைத் திறக்கலாம்னு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பார்த்த பிறகு என்னால கைதட்ட முடியலை.

முதல்ல இடத்தோட அளவைச் சொல்லிடறேன். கோடு போட்ட ஆடுகளம் 78 அடிக்கு 36 அடி. சுத்தி ஓடுற இடத்தையும் சேர்த்தா 120 அடிக்கு 60 அடி, அதாவது 7,200 சதுர அடி. மெட்ராஸ் கணக்குல சரியா மூணு கிரவுண்ட், எங்க ஊர் கணக்குல பதினாறரை சென்ட். அவ்வளவு இடத்துல ஒரு மரம் கிடையாது, ஒரு நிழல் கிடையாது. நட்ட நடு வெயில்ல ஒரு தோசைக்கல்லை வைக்கிற மாதிரி. அந்தக் கல்லை எதால செய்யறோம், என்ன கலர்ல செய்யறோம்ங்கறதுதான் கேள்வி.

எங்க ஊர் வெயிலைப் பத்தி தெரியாதவங்களுக்கு: கோடையில் வானிலை அறிக்கை கேட்டீங்கன்னா 'கரூர் பரமத்தி' அப்படின்னு ஒரு பேர் அடிக்கடி வரும். ஏப்ரல், மே மாசத்துல 40 டிகிரி தாண்டுறது அங்கே சாதாரணம். சென்னை வெயில் வேற ஜாதி. அங்கே சட்டை நனைஞ்சு பிழியற மாதிரி ஆகும், ஆனா உடம்புல தண்ணி போகுதுன்னு கண்ணுக்குத் தெரியும். எங்க ஊர்ல வேர்வை வந்த உடனே காஞ்சிடும். சட்டையில் உப்புக் கோடு மட்டும்தான் மிச்சம். ஆடுற பையனுக்கு எவ்வளவு தண்ணி போச்சுன்னே தெரியாது, தலை சுத்தும்போதுதான் தெரியும்.

இப்போ அந்தத் தரைக்கு வருவோம். சிந்தெடிக்னு எல்லாரும் சொல்றது என்ன? அடியில ஜல்லி, அதுக்கு மேல ரோடு போடற மாதிரி தார்க் கலவை, அதுக்கு மேல மணல் கலந்த அக்ரிலிக் பெயிண்ட் சில கோட்டிங். அவ்வளவுதான். பளபளன்னு இருக்கும்போது தெரியாது, உள்ளே இருக்கிறது நம்ம பஞ்சாயத்து ரோடுதான். 40 டிகிரி மத்தியானத்துல கரும்பச்சை அடிச்ச தார்த் தரை அறுபதை நெருங்கும், தாண்டவும் செய்யும். நம்ம ரோடுகளுக்குப் போடற விஜி-30 ரகத் தார் இளக ஆரம்பிக்கிற வெப்பநிலை குறைஞ்சபட்சம் 47 டிகிரி இருந்தா போதும்னுதான் இந்திய தரநிர்ணயம் சொல்லுது. ஜல்லியோட சேர்ந்து இருக்கறதால உருகி ஓடாது, நிஜம்தான். ஆனா நடுவர் நாற்காலி, பெஞ்ச் வச்ச இடத்துல கால் அமுங்கி குழி விழும். வருஷக்கணக்கா இப்படிக் காஞ்சு காஞ்சு தார்ல இருக்கற பசை போய், கடைசியில் பொரபொரன்னு வெடிக்கும். வெடிச்சா பெயிண்ட் அதை மறைக்கும், மூடாது.

பணக்கார நாட்டுல மட்டும் இந்தப் பிரச்சனை இல்லைன்னு நினைக்காதீங்க. ஆஸ்திரேலியன் ஓபன்ல 1988ல இருந்து 2007 வரைக்கும் ரீபவுண்ட் ஏஸ்னு ஒரு ரப்பர் கலந்த தரை வச்சிருந்தாங்க. உள்நாட்டுப் பாலைவனக் காத்து மெல்போர்னுக்கு அடிக்கிற நாள்ல அந்தத் தரை சூடேறி பிசுபிசுன்னு ஷூவைப் பிடிச்சுக்கும், கால் பிசகுதுன்னு ஆடறவங்க புலம்பினாங்க. 2008ல மாத்தினாங்க. மாத்தின பிறகும் 2014ல நாலு நாள் தொடர்ந்து 40க்கு மேல போனப்போ, வோஸ்னியாக்கி கீழே வச்ச பிளாஸ்டிக் பாட்டிலோட அடிப்பாகம் இளகிப் போச்சுன்னு சொன்னாங்க. கனடாவோட டான்செவிச் ஆடும்போதே மயங்கி விழுந்தார். டாக்டர், ஐஸ், குடை, எல்லாம் பக்கத்துல இருக்கற இடம் அது. எங்க பள்ளியில ஒரு பி.டி. சார், ஒரு விசில்.

இன்னொரு கொடுமையைக் கவனிங்க. கலிபோர்னியா பாலைவனத்துல இண்டியன் வெல்ஸ்னு பெரிய போட்டி நடக்குது, ஹார்டு கோர்ட்தான். வழக்கமா மார்ச்ல நடத்துவாங்க. பாலைவனத்துக்காரனுக்கு எப்போ ஆடணும்னு தெரிஞ்சிருக்கு. நாம எப்போ பசங்களைக் கூப்பிடுவோம்? பரீட்சை முடிஞ்சு, ஏப்ரல் கடைசியில, 'கோடைகால இலவச பயிற்சி முகாம்'னு பேனர் கட்டி, சரியா கத்திரி வெயில்ல :) பத்து வயசுப் பையன் உயரத்துக்கு தரை இன்னும் கிட்ட. மேல இருந்து சூரியன், கீழே இருந்து தரை, ரெண்டு பக்கமும் வேகணும்.

சரி, மண் என்ன பெரிய மண்ணு? சொல்றேன். சானியா மிர்சா ஆட ஆரம்பிச்சது ஹைதராபாத்ல சாணி மெழுகின கோர்ட்ல. அவங்களே பல தடவை சொல்லியிருக்காங்க. அந்தத் தரையில ஆரம்பிச்சவங்கதான் 2007ல ஒற்றையரில் உலகத் தரவரிசை 27, 2015ல இரட்டையரில் முதலிடம். அந்தப் பக்கம் ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்துப் பண்ணைகள்ல கரையான் புத்தை இடிச்சு, தூளாக்கி, தண்ணி விட்டு ரோலர் ஓட்டி கோர்ட் போடுவாங்க. ராட் லேவர் சின்ன வயசுல ஆடினது அவங்கப்பா போட்ட அந்த மாதிரி புத்துமண் கோர்ட்லதான். 1962லயும் 1969லயும் ஒரே வருஷத்துல நாலு கிராண்ட் ஸ்லாமும் ஜெயிச்ச மனுஷன். (எங்க ஊர்ல புத்தை இடிச்சா எங்கம்மா என்னை இடிப்பாங்க. அங்கே வெள்ளிக்கிழமை பால் ஊத்தணும்.)

ரெண்டு பேருக்கும் ஊர் தந்த பொருள் அது. நமக்கும் தெரியாத வேலை இல்லை. நெல் அடிக்கற களத்தை எப்படித் தயார் பண்ணுவாங்க? செம்மண்ணைக் கொட்டி, தண்ணி விட்டு, இடிச்சு இறுக்கி, சாணி கரைச்சு மெழுகி, தூசி பறக்காம ஒரு தரை. டென்னிஸுக்குன்னா அடியில ஜல்லியும் கிராவலும் போட்டு, மேல சலிச்ச செம்மண்ணோட களிமண் கலந்து, ரோலர் ஓட்டி, ஒரு பக்கமா வாட்டம் வைக்கணும். தத்துவம் ஒண்ணுதான்.

ஆனா நான் மண்ணுக்கு வக்காலத்து வாங்கறது பழம்பெருமைக்காக இல்லை. மண்பானை எங்கே நல்லா வேலை செய்யும், சென்னையிலயா கரூர்லயா? கரூர்லதான். காத்து காஞ்சு இருந்தாத்தான் பானையில் கசியற தண்ணி சீக்கிரம் ஆவியாகும், ஆவியாகும்போது சூட்டை எடுத்துட்டுப் போகும். ஈரமான மண் கோர்ட் ஒரு பெரிய பானை. நம்மைக் கொல்ற அதே காஞ்ச காத்து, சாயங்காலம் நாலரை மணிக்கு தண்ணி தெளிச்ச மண் தரையில் நமக்காக வேலை செய்யும். தார்த் தரையில இந்த வித்தை நிக்காது. தண்ணி ஓடிடும், மேல இருந்த ஈரம் காஞ்சதும் உள்ளே சேர்த்து வச்ச சூட்டை ஏழு மணி வரைக்கும் திருப்பித் தந்துட்டே இருக்கும்.

தண்ணின்னு சொன்ன உடனே குழுவில் ஒருத்தர் பிடிச்சுக்கிட்டார். நியாயமான கேள்வி, அதனால கணக்கையும் சொல்லிடறேன். 7,200 சதுர அடி ஏறக்குறைய 669 சதுர மீட்டர். ஒரு மில்லிமீட்டர் தண்ணி தெளிச்சா 669 லிட்டர். காலையில ரெண்டு மில்லி, சாயங்காலம் ரெண்டு மில்லின்னா ஒரு நாளைக்கு 2,700 லிட்டர் கிட்ட. ரெண்டு கோர்ட்டுக்கும் சேர்த்தா 5,000 லிட்டர் டிராக்டர் டேங்கர் ஒண்ணு காலி, அதுவும் பத்தாது. ஊர்ல குடத்தோட ஜனங்க நிக்கும்போது தினம் ஒரு டேங்கரை விளையாட்டுத் தரையில் ஊத்தறது எனக்கே ஒப்பலை. பள்ளியில இருக்கற ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளுற தண்ணி சாக்கடைக்குத்தான் போகுது. அது உப்புத் தண்ணி, செடிக்கு ஆகாது, கோர்ட்ல செடி இல்லையே. அமெரிக்காவில் பச்சைக் களிமண் கோர்ட்டுக்கு ஈரம் நிக்கணும்னே கால்சியம் குளோரைடு உப்பைத் தூவறாங்க. ஆனா நம்ம தண்ணியில சோடிய உப்பு அதிகமா இருந்தா களிமண் வழவழன்னு ஆகிடும், அதனால டெஸ்ட் பண்ணாம ஊத்தக் கூடாது. எப்படிப் பார்த்தாலும் ரெண்டு மண் கோர்ட்டுக்கு தண்ணி கட்டுப்படி ஆகாது. ஒண்ணுக்கு ஆகும்.

அதனால நான் சொல்றது: ஒண்ணை மண்ணாவே விடுங்க, அதை ஒழுங்காப் பாருங்க. இன்னொண்ணை ஹார்டு கோர்ட் ஆக்குங்க. இன்னிக்கு மாவட்டம், மாநிலம்னு பசங்க போய் ஆடற போட்டிகள் பெரும்பாலும் ஹார்டு கோர்ட்ல. மண்ணுல மட்டுமே ஆடினவன் அங்கே போய் பந்து இவ்வளவு சீக்கிரம் வருதேன்னு முழிப்பான். அதை நான் மறுக்கலை.

ஆனா அந்த ஹார்டு கோர்ட்டும் தார்ல வேண்டாம், சிமெண்ட் கான்கிரீட்ல போடுங்க. எங்க பக்கம் செம்மண்தான் அதிகம், அது நல்ல காலம். கரிசல் மண்ணா இருந்தா கோடையில சுருங்கி மழையில ஊதி எந்தத் தரையையும் உடைக்கும். கான்கிரீட்டை மத்தியானம் கொட்டாதீங்க. சூடான காத்துல மேல்தண்ணி உடனே காஞ்சு அன்னிக்கே முடி மாதிரி விரிசல் விழும். விடியக்காலையில கொட்டணும். மறுநாள்ல இருந்து பாத்தி கட்டி தண்ணி நிறுத்தணும், ரெண்டு நாள் கோணியைப் போட்டுட்டு கான்ட்ராக்டர் காணாம போறதெல்லாம் ஆகாது. 28 நாள் கழிச்சுத்தான் பெயிண்ட். திறப்பு விழாவுக்கு எம்.எல்.ஏ. தேதி கொடுத்துட்டார்னு பதினஞ்சாம் நாள் அடிச்சீங்கன்னா உள்ளே இருக்கற ஈரம் கொப்புளம் கொப்புளமா பெயிண்டைத் தூக்கிடும். வாட்டம் நூறடிக்கு ஒரு அடி, ஒரே பக்கமா. கலர் வெளிர் நீலமோ வெளிர் பச்சையோ. வெள்ளை வேண்டாம், கண் கூசும், பந்தும் தெரியாது. நீளவாக்குல வடக்கு தெற்கா இருக்கணும், அது ஏற்கனவே அப்படித்தான் இருக்கு, 1970கள்ல போட்டவருக்குப் புத்தி இருந்திருக்கு.

இதெல்லாம் ரெண்டாவது செலவு. முதல் செலவு விளக்கு. வசூல் பட்டியல்ல பெயிண்ட் இருக்கு, வலை இருக்கு (கொசுவலை நெய்யற ஊர்ல வலைக்கு என்ன பஞ்சம்), பேர் பொறிச்ச கல்வெட்டு கூட இருக்கு. விளக்குக் கம்பம் இல்லை. எங்க ஊர்ல வெயில் தாழ்ந்த பிறகு காஞ்ச காத்துல சூடு சீக்கிரம் இறங்கும். ஆறரையில இருந்து எட்டரை வரைக்கும் ஆடறதுக்கு அருமையான நேரம். அந்த ரெண்டு மணி நேரத்தை விளக்கு இல்லாம இருட்டுக்குக் கொடுத்துட்டு, மூணு மணி வெயில்ல ஆடறதுக்கு இறக்குமதி பெயிண்ட் வாங்கறோம். மேற்குப் பக்கம் பத்து புங்க மரம், வேர் வந்து தரையைத் தூக்காத தூரத்துல. ஆடிக் காத்துல மண் பறக்கறதையும் அது பாதி தடுக்கும். உக்கார்ற பெஞ்சுக்கு மேல ஒரு கீத்துக் கொட்டகை. இதுக்கெல்லாம் கல்வெட்டு வைக்க முடியாதுங்கறதுதான் சிக்கல் போல.

குழுவில் யாரும் வெளிப்படையா எழுதாத ஒரு காரணமும் இருக்கு. மண் கோர்ட்டுக்கு ஆள் வேணும். எங்க பள்ளியில தரை பார்க்கற பெரியவர் ஒருத்தர் இருக்கார், நாங்க எல்லாரும் மாமான்னுதான் கூப்பிடுவோம். தண்ணி விட்டு எவ்வளவு நேரம் கழிச்சு ரோலர் இழுக்கணும்னு மண்ணைக் கட்டை விரலால அழுத்திப் பார்த்துச் சொல்வார். சிந்தெடிக் வந்தா அவர் சம்பளம் மிச்சம்னு ஒரு கணக்கு ஓடுது. அஞ்சாறு வருஷத்துக்கு ஒரு தடவை மறுபடி கோட்டிங் அடிக்க வசூல் பண்ணணுமே, அந்தக் கணக்கையும் பக்கத்துல எழுதிப் பாருங்கன்னு கேட்டேன். ரெண்டு நீல டிக் வந்தது, பதில் வரலை.

ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போறேன். சாயப்பட்டறை வச்சிருக்கற நண்பன்கிட்ட, தூரத்துல இருந்தே சூடு பார்க்கற தெர்மாமீட்டர் இருக்கு, கடன் கேட்டிருக்கேன். (கொரோனா சமயத்துல நெத்தியில காட்டினது இதுக்கு ஆகாது, அது மனுஷக் காய்ச்சலுக்கு மேல காட்டாது.) மூணு மணிக்கு பள்ளி வாசல் தார் ரோடு, கான்கிரீட் மேடை, காஞ்ச மண், மாமா தண்ணி தெளிச்ச மண், நாலையும் போட்டோவோட குழுவில் போடப் போறேன். வசூலுக்கு என் பங்கும் உண்டு, விளக்குக் கம்பம் பட்டியல்ல ஏறினா அன்னிக்கே அனுப்பிடறேன்னு சொல்லியாச்சு.