குமரிக்குப் போறீங்களா? அலமாரியில் தூங்கும் பழைய கேமராவையும் எடுத்துக்கோங்க!

கன்னியாகுமரி கடற்கரை. விடிகாலை நேரம். கிழக்கே கடலுக்கு மேல் ஒரு செந்நிறக் கோடு விழுந்ததுமே நூற்றுக்கணக்கான போன்கள் ஒன்றாக உயர்கின்றன. சூரியன் முழுதாக மேலே வந்ததும், எல்லோரும் குனிந்து திரையைப் பார்க்கிறார்கள். கண்ணால் பார்த்த அந்தச் சிவப்பு திரையில் இல்லை. வானம் வெளிறிப்போயிருக்கிறது. இருட்டாக இருக்க வேண்டிய பாறையெல்லாம் பளிச்சென்று தெரிகிறது. ‘போட்டோல சரியா வரல’ என்று சொல்லிக்கொண்டே இன்னும் பத்து படம் எடுக்கிறார்கள்.

இது போனின் குறை இல்லை. அதை அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள். ஒரு முறை தொட்டால், போன் அடுத்தடுத்து சில படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. நிழலைத் தூக்கிவிடுகிறது, வெளிச்சத்தைக் குறைக்கிறது, முகத்தைத் துடைக்கிறது. காலையும் மாலையும் நடுப்பகலும் ஏறக்குறைய ஒரே மாதிரி வருவதற்கு இதுதான் காரணம். இதில் சலித்துப்போன இளைஞர்கள்தான் இப்போது கையடக்க டிஜிட்டல் கேமராவையும், ‘ஃபிலிம் லுக்’ செட்டிங்ஸையும் தேடுகிறார்கள்.

‘ஃபிலிம் லுக்’ என்றால் என்ன?

ஃபிலிம் ரோல் போட்ட காலத்தில், படத்தின் நிறம் கடையிலேயே முடிவாகிவிடும். எந்த ரோல் வாங்குகிறோமோ அந்த நிறம்தான். 1990-ல் வந்த ஃபியூஜி ‘வெல்வியா’ பச்சையையும் சிவப்பையும் அள்ளிக்கொட்டும். வேறு சில ரோல்கள் மென்மையாகத் தரும். அந்த ரோல்களின் குணத்தை டிஜிட்டல் கேமராவுக்குள்ளேயே கொண்டுவருவதுதான் ‘ஃபிலிம் சிமுலேஷன்’. 2014-ல் ஃபியூஜிஃபிலிம் அறிமுகப்படுத்திய ‘கிளாசிக் குரோம்’ நிறத்தை அடக்கி, பழைய பத்திரிகைப் படம் போலக் காட்டும். 2019-ல் வந்த ‘கிளாசிக் நெகட்டிவ்’, வீட்டு விசேஷ ஆல்பத்தை நினைவுபடுத்தும். ரிகோ ஜி.ஆர் கேமராவில் ‘பாசிட்டிவ் ஃபிலிம்’ என்றொரு செட்டிங் உண்டு.

ஃபிலிம் என்றாலே ஜப்பானும் அமெரிக்காவும்தான் என்று நினைத்துவிட வேண்டாம். 1960-ல் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் நம்ம ஊட்டியில்தான் இருந்தது. ‘இந்து’ என்ற பெயரில் அங்கே தயாரான கறுப்பு வெள்ளை ஃபிலிமில் பதிவான முகங்கள், தமிழ்நாட்டு வீடுகளின் சுவர்களில் இன்றும் தொங்கிக்கொண்டிருக்கலாம்.

லட்ச ரூபாய் வேண்டாம்

ஃபியூஜியின் எக்ஸ்100 வரிசையில் 2024-ல் வந்த புதிய கேமராவின் விலை ஒன்றரை லட்சம் ரூபாய்க்கும் மேல். அதைப் பார்த்து மலைக்க வேண்டாம். பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன்பு அப்பாவோ சித்தப்பாவோ வாங்கிய சின்ன கேமரா அலமாரியில் இருக்கிறதா? அதை எடுங்கள். பழைய கேனான் பவர்ஷாட் கேமராக்கள் பலவற்றில் ‘மை கலர்ஸ்’ மெனுவுக்குள் ‘பாசிட்டிவ் ஃபிலிம்’ இருக்கும். மற்ற கம்பெனி கேமராக்களில் ‘விவிட்’, ‘செபியா’, ‘பிளாக் அண்ட் ஒயிட்’ என்று ஏதாவது இருக்கும்.

கிளம்பும் முன் ஒரு விஷயத்தைப் பார்த்துவிடுங்கள். மிகப் பழைய கேமராக்கள் 2 ஜி.பி.க்கு மேற்பட்ட மெமரி கார்டை ஏற்காது. அதற்கு அடுத்து வந்தவை பெரும்பாலும் 32 ஜி.பி. வரைதான் ஏற்கும். பேட்டரி எவ்வளவு நேரம் தாங்குகிறது என்பதையும் வீட்டிலேயே சோதித்துக்கொள்ளுங்கள்.

காலை: கடற்கரையில் ஒரு பூட்டு

பணம் செலவில்லாத ஃபிலிம் ரகசியம் ஒன்று உண்டு. அதன் பெயர் ஒயிட் பேலன்ஸ். இது ‘ஆட்டோ’வில் இருந்தால், விடியலின் சிவப்பை ‘ஏதோ தப்பான நிறம்’ என்று நினைத்து கேமரா திருத்திவிடும். பெரும்பாலான கலர் ரோல்கள் பகல் வெளிச்சத்துக்கு என்று ஒரே அளவில் செய்யப்பட்டவை. அதனால்தான் அவற்றில் விடியல் சிவப்பாகவும், அந்தி பொன்னிறமாகவும் விழுந்தது. எந்த கேமராவாக இருந்தாலும் ஒயிட் பேலன்ஸை ‘டேலைட்’டில் வைத்துப் பூட்டிவிடுங்கள். கண்ணில் பட்ட சிவப்பு பெருமளவு படத்திலும் வந்துவிடும்.

அடுத்து, கூட்டல் கழித்தல் குறி போட்ட எக்ஸ்போஷர் பட்டன். அதை மைனஸ் 1-க்குக் கொண்டுபோங்கள். வானம் அடர்த்தியாகும். 133 அடி திருவள்ளுவர் சிலையும், விவேகானந்தர் பாறையும், இரண்டையும் இணைக்கும் 77 மீட்டர் கண்ணாடிப் பாலமும் கறுப்பு உருவங்களாக நிற்கும். வள்ளுவரின் முகம் தெரியவில்லையே என்று கவலை வேண்டாம். முகத்தை 8 மணிக்கு எடுத்துக்கொள்ளலாம். விடியல் கொஞ்ச நேரம்தான் இருக்கும்.

தோவாளை: இங்கே பூட்டைத் திறக்கலாம்

நாகர்கோவிலை அடுத்த தோவாளை பூச்சந்தை, விடியும் முன்பே விழித்துவிடும். பிச்சி, மல்லி, அரளி, கேந்தி, கோழிக்கொண்டை, வாடாமல்லி என்று குவியல் குவியலாக நிறம். ‘வெல்வியா’ அல்லது ‘விவிட்’ இங்கேதான் பொருந்தும். ஆனால், விளக்கு வெளிச்சத்தில் வியாபாரம் நடக்கும் நேரத்தில் ‘டேலைட்’ வேண்டாம். வெள்ளைப் பிச்சி பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறிவிடும். அப்போது ‘ஆட்டோ’வுக்குத் திரும்புங்கள். பொழுது விடிந்த பிறகு மறுபடி பூட்டலாம்.

ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். சின்ன கேமரா என்பதால் யாரும் மிரள மாட்டார்கள். அதற்காகக் கேட்காமல் எடுத்துவிடக் கூடாது. பூ விற்கிற அக்காவுக்கு அது வேலை நேரம். ‘ஒரு போட்டோ எடுத்துக்கிடட்டுமா அக்கா?’ என்று கேட்டு, ஒரு முழம் பூவும் வாங்கிக்கொண்டால் முகம் தானாக மலரும்.

நடுப்பகல்: அரண்மனையின் இருட்டு

உச்சி வெயிலில் வெளியே படம் எடுப்பது வீண். தக்கலைக்கு அருகே இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போய்விடலாம். தமிழ்நாட்டுக்குள் இருந்தாலும் இதைப் பராமரிப்பது கேரள அரசு. திங்கட்கிழமை விடுமுறை. கேமராவுக்குத் தனிக் கட்டணம் உண்டு.

தாழ்ந்த மரக்கூரை, செதுக்கிய தூண்கள், முகம் தெரியும் கறுப்புத் தரை, மந்திரசாலையில் வண்ண மைக்கா பதித்த ஜன்னல்கள். உள்ளே வெளிச்சம் குறைவு. ஐ.எஸ்.ஓ-வை 1600-க்கு ஏற்றினால் சின்ன கேமராக்களில் படம் பொரிப்பொரியாக வரும். அங்கேதான் கறுப்பு வெள்ளை கைகொடுக்கும். கலரில் அழுக்காகத் தெரியும் அதே பொரி, கறுப்பு வெள்ளையில் பழைய ஃபிலிமின் மணல் போல அழகாக மாறிவிடும். தூணில் சாய்ந்து, மூச்சைப் பிடித்து எடுத்தால் படம் ஆடாது. எங்கேயாவது ‘படம் எடுக்கக் கூடாது’ என்று எழுதியிருந்தால், கேமராவைப் பைக்குள் போட்டுவிடுங்கள்.

மாலை: முட்டத்தில் முகங்கள்

‘அலைகள் ஓய்வதில்லை’யும் (1981) ‘கடலோரக் கவிதைகள்’ படமும் (1986) முட்டம் பாறைகளை ஊருக்கெல்லாம் காட்டின. இரண்டும் ஃபிலிமில் எடுத்தவை. முட்டத்து மாலை வெளிச்சம் இன்றும் அதேதான். ‘கிளாசிக் குரோம்’ போன்ற அடங்கிய நிறம் இங்கே நன்றாக இருக்கும்.

ஆனால், கடற்கரையில் முகத்தை எடுக்கும்போது ஒரு விஷயம் உறுத்தும். பல வருட வெயிலிலும் உப்பிலும் கறுத்த முகங்களைப் போனின் ‘பியூட்டி’ வெளுத்துவிடுகிறது. ஃபிலிமும் இதில் யோக்கியம் இல்லை. கோடாக் நிறுவனம் நிறத்தைச் சரிபார்க்க அனுப்பிய ‘ஷர்லி கார்டு’களில் பல பத்தாண்டுகள் வெள்ளைக்காரப் பெண்ணின் முகம்தான் இருந்தது. அதை வைத்து அளந்ததால், கறுத்த முகங்களின் நுணுக்கம் ஃபிலிமில் காணாமல்போனது. சாக்லேட், மரச்சாமான் கம்பெனிகளும் ‘எங்கள் பொருளின் பழுப்பு நிறம் சரியாக வரவில்லை’ என்று புகார் சொன்ன பிறகே மாற்றத்துக்கு வேகம் வந்தது என்று ஆராய்ச்சியாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். பழைய கேனானின் ‘மை கலர்ஸ்’ மெனுவிலேயே ‘லைட்டர் ஸ்கின்’, ‘டார்க்கர் ஸ்கின்’ இரண்டும் இருக்கும்.

அதனால் தோலின் நிறத்தை மாற்றும் எதையும் தொடாதீர்கள். ஆளைச் சூரியன் இருக்கும் பக்கம் கொஞ்சம் திருப்பி நிறுத்துங்கள். பின்னால் வானம் பளபளத்தால் எக்ஸ்போஷரை அரைப் புள்ளி கூட்டுங்கள். நாளைக்குப் பேரப்பிள்ளைகள் பார்க்கும்போது, அந்த முகம் தாத்தாவின் முகமாகவே இருக்க வேண்டும்.

உப்புக்காற்று உஷார்

குமரிக் கடல்காற்று கேமராவுக்கு எதிரி. லென்ஸ் நீளும் கேமராவில் ஒரு மணல் துகள் போனாலும் மோட்டார் சிக்கிக்கொள்ளும். எடுத்து முடித்ததும் அணைத்துப் பைக்குள் போடுங்கள். லென்ஸில் படிந்த மணலை முதலில் ஊதும் பம்பால் தட்டிவிட்டு, பிறகே துணியால் துடையுங்கள். நேரே துடைத்தால் கீறல் விழும்.

ஃபிலிம் செட்டிங்கில் எடுத்த ஜேபெக் படத்தின் நிறத்தைப் பிறகு மாற்றுவது கடினம். கேமராவில் ‘ரா பிளஸ் ஜேபெக்’ வசதி இருந்தால் அதை வைத்துக்கொள்ளுங்கள். தப்பாகப் போனாலும் மூலப்படம் கையில் இருக்கும்.

36 போதும்

அந்தக் காலத்து ஒரு ரோலில் 36 படம்தான். குமரிக்கு வந்த குடும்பம் அதற்குள் சூரியோதயம், சுசீந்திரம் கோபுரம், திற்பரப்பு அருவி, தாத்தா பாட்டி எல்லாரையும் அடக்கிக்கொண்டு ஊர் திரும்பியது. இன்றைக்கு ஒரே நாளில் 400 படம் எடுக்கிறோம். அடுத்த மாதம் அவற்றில் எத்தனையைத் திறந்து பார்க்கிறோம்?

அடுத்த பயணத்தில் கணக்கு வைத்து 36 மட்டும் எடுத்துப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் அதில் பத்தைத் தேர்ந்தெடுத்து, ஊர் ஸ்டுடியோவில் பிரிண்ட் போடுங்கள். கன்னியாகுமரி கடற்கரையில் கழுத்தில் கேமராவோடு நிற்கும் போட்டோகிராபர்களைக் கவனித்திருப்பீர்கள். எல்லார் கையிலும் போன் வந்த பிறகும் அவர்களிடம் ஆட்கள் போகிறார்கள். கையில் ஒரு பிரிண்ட்டோடு பஸ் ஏறலாம் என்பதற்காகத்தான்!