பழைய ஹொண்டாவுக்கு அகல டயர் எதற்கு?



கொஞ்சக் காலமாக ஐந்து சந்திப் பக்கமும் ரவுணிலும் பழைய ஹொண்டா 50, 70, 90 எல்லாம் திரும்பவும் பளபளவென்று ஓடுகின்றன. பார்க்கச் சந்தோஷம்தான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு புது வண்டியின் விலை கைக்கு எட்டாமல் போனது. கோடிப்புறத்தில் சாக்குப் போட்டு மூடிக் கிடந்த வாப்பாமாரின், அப்பப்பாமாரின் வண்டிகளைப் பெடியள் வெளியே இழுத்துத் திருத்தத் தொடங்கினார்கள். பெயின்ற், நிக்கல், சீற் எல்லாம் அருமையாகச் செய்கிறார்கள். டயருக்கு வந்தவுடன் மட்டும் எல்லாருக்கும் ஒரே ஆசை: பின்னால் கொஞ்சம் அகலமாக இருக்க வேண்டும். கடையிலும் "17 தானே, ஏறும்" என்று சொல்லி ஏற்றிவிடுகிறார்கள்.

ஏறும் என்பது வேறு, பொருந்தும் என்பது வேறு. நான் கணக்குப் படிப்பிக்கிற ஆள், ஆகவே எண்ணை வைத்தே சொல்கிறேன்.

ஹொண்டா 90க்குக் கொம்பனி கொடுத்த அளவு 2.50-17. இதில் 17 என்பது டயர் உட்காரும் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 2.50 என்பது டயரின் அகலம். இந்தப் பழைய அங்குல டயர்களில் உயரமும் ஏறத்தாழ அகலத்தின் அளவுதான். ஆக முழுச் சக்கரம் கிட்டத்தட்ட 22 அங்குலம். அதே ரிம்மில் 3.00 போட்டால் 23 ஆகும். அரை அங்குல அகலம் பெரிதில்லை என்று நினைப்பீர்கள். ஆனால் அந்த வண்டியின் பின் சக்கரத்துக்கு ஒரு பக்கம் செயின் கவர், மறுபக்கம் பிரேக் தடி. இடைவெளி விரல் அளவு. வெறும் வண்டியில் உரசாது. பின்னால் ஆள் ஏறிப் பள்ளத்தில் விழும்போது உரசும்.

அதைவிடப் பெரிய பிரச்சினை ரிம். ஒடுக்கமான ரிம்மில் அகல டயரைப் போட்டால் அடிப்பக்கம் நெருக்குப்பட்டு, மேல் பக்கம் பலூன் மாதிரி வீங்கி நிற்கும். நேர் ரோட்டில் தெரியாது. பண்ணைப் பாலத்தில் சோழகம் பக்கவாட்டில் அடிக்கும்போது வண்டி வால் ஆட்டும். அந்த ஆட்டத்துக்குச் சிலர் காற்றைக் குறை சொல்வார்கள், சிலர் ஸ்ரியறிங் போல்ஸை மாற்றுவார்கள்.

புல்லட், பி.எஸ்.ஏ. வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். பழைய புல்லட் 350க்கு 3.25-19. இன்றைய கிளாசிக் 350இன் முன் டயர் 100/90-19. இரண்டிலும் 19 இருக்கிறதே என்று அதை வாங்கி மாட்டுகிறார்கள். 3.25 அங்குலம் என்றால் 82.5 மில்லிமீற்றர். மற்றது 100. பழைய டபிள்யூ.எம். 2 ரிம்மின் உள் அகலம் 1.85 அங்குலம், அதாவது 47 மில்லிமீற்றர்தான். அதற்கு 90/90-19 கிட்டத்தட்டச் சரி, 100 சரியில்லை. பி.எஸ்.ஏ. பான்ரம் முதல் மொடலுக்கு இன்னும் ஒடுக்கம், 2.75-19. ரிம்மில் துருவைச் சுரண்டிப் பார்த்தால் இந்த எண்கள் பெரும்பாலும் வெட்டியிருக்கும். முதலில் அதைப் பாருங்கள். போன உரிமையாளர் ரிம்மையே மாற்றியிருக்கவும் கூடும்.

"சேர், பாரம் ஏத்துறம், அதுக்குத்தான் அகலம்" என்று என் பழைய மாணவர்களே வாதாடுகிறார்கள். நியாயமான கவலை. ஹொண்டா 90 ஏறத்தாழ 85, 90 கிலோ. இரண்டு பெரியவர்கள் ஏறினால் 220ஐத் தொடும். அதில் பெரும்பங்கு பின் சக்கரத்தின் தலையில். ஆனால் பாரத்துக்கு மருந்து அகலம் இல்லை. டயரின் பக்கத்தில் அளவுக்குப் பிறகு இன்னொரு எண் இருக்கிறது, அதுதான் பாரக் குறியீடு. 38 என்றால் 132 கிலோ. 43 என்றால் 155 கிலோ. அதே 2.50-17இல் இரண்டும் வருகின்றன. 43ஐக் கேட்டு வாங்குங்கள். மனைவியை ஏற்றி, முன்னால் பிள்ளையை நிறுத்தி ஓடுகிறவர்கள் (ஓடக்கூடாது, ஆனாலும் ஓடுகிறீர்கள்) கட்டாயம் கேளுங்கள்.

இந்த "கிடைச்சதைப் போடு" பழக்கத்துக்கு ஒரு காரணம் உண்டு, அதைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. 1990 ஒக்டோபரில் எங்கள் சனம் இங்கிருந்து வெளியேற்றப்பட்டு, வண்டி வாகனம் எல்லாம் விட்டுப் புத்தளம் போனோம். இங்கே இருந்தவர்கள் பொருளாதாரத் தடைக்குள் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். பிளக்கடியில் சொட்டுப் பெற்றோல் விட்டு உதைத்து ஸ்ரார்ட் செய்த கதைகளை இன்றைக்கும் சொல்கிறார்கள். உதிரிப்பாகம் வராத ஊரில் எது ஏறியதோ அதுதான் அளவு. அது அன்றைய கெட்டித்தனம். ஏ9 திறந்து பல வருடங்கள் ஆகிவிட்டன.

இன்னொன்று, "ஒறிஜினல் ஜப்பான்" என்று கடைத் தட்டில் வருடக்கணக்காகக் கிடந்த டயருக்கு மயங்காதீர்கள். பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் கிழமை. மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அது 2000க்கு முந்திய சரக்கு. பூ தேயாமல் இருக்கும், ஆனால் றப்பர் பலகையாகிவிட்டிருக்கும். மாரி மழையில் அது பிடிக்காது. காட்சிக்கு வைக்கும் வண்டி என்றால் போடுங்கள். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளை ஏற்றும் வண்டி என்றால் வேண்டாம்.

கம்பிச் சக்கரத்துக்கு டியூப் கட்டாயம், அதுவும் அதே அளவு டியூப். உள்ளே றப்பர் பட்டியையும் புதிதாகப் போடுங்கள், அதற்குப் பெரிய காசு இல்லை.

2.50-17இல் 43 இங்கே இல்லை என்று கடைக்காரர் சொன்னால், கொழும்பிலிருந்து எடுத்துத் தரச் சொல்லுங்கள். அது வரும்வரை இரண்டு மூன்று நாள் சைக்கிளில் போகலாம்.