"போர்டு போயிடுச்சு" என்றால் "எத்தனை டிகிரி?" என்று கேளுங்கள்

பதிவு கொஞ்சம் நீளம். கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி இருப்பவர் வந்தார். என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவர். வீட்டில் அப்பா காலத்துத் தறி இன்னும் ஓடுகிறது. இவருக்கு முழங்கால் வலி. குழியில் கால் இறக்கி உட்கார முடியவில்லை. அதனால் கம்ப்யூட்டரில் புடவை டிசைனுக்குக் கட்டம் கட்டமாக கிராஃப் போட்டுக் கொடுக்கிறார். அதை வைத்துத்தான் ஜக்கார்டு அட்டை குத்துவார்கள்.

"சார், எந்த கம்ப்யூட்டர் வாங்கலாம்னு சொல்லுங்க."

"ஏம்பா, இருக்கிறதுக்கு என்ன?"

"போர்டு போயிடுச்சாம் சார். பத்து நிமிஷம் ஓடுது, அப்புறம் அதுவா அணைஞ்சிடுது. தொட்டா சுடுது. கடையில புதுசே எடுத்துக்குங்கன்னுட்டாங்க. 38,000 ஆகுமாம். தோட்டை வெச்சுடலாம்னு வீட்டுல சொல்றா."

கடையில் திறந்து பார்த்தார்களா என்று கேட்டேன். இல்லையாம். சுவிட்சைப் போட்டார்கள், அணைந்தது, தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.

காய்ச்சல் என்று போனால் தெருமுனை டாக்டர்கூட முதலில் தெர்மாமீட்டரை வைப்பார். இங்கே 38,000 ரூபாய்த் தீர்ப்புக்கு அதுகூடக் கிடையாது. இத்தனைக்கும் கம்ப்யூட்டருக்குள்ளேயே தெர்மாமீட்டர் இருக்கிறது! இயக்கும்போதே டெலீட் அல்லது எஃப்2 பொத்தானைத் தட்டினால் பயாஸ் திரை வரும். அதில் ஹார்ட்வேர் மானிட்டர் என்றோ பி.சி. ஹெல்த் என்றோ ஒரு பக்கம் இருக்கும். பிராசசர் எத்தனை டிகிரி, விசிறி நிமிடத்துக்கு எத்தனை சுற்று, இரண்டும் தெரியும். பைசா செலவில்லை.

"தூக்கிட்டு வா" என்றேன். போட்டோம். 94 டிகிரி. இன்னும் ஒரு வேலையும் கொடுக்கவில்லை, சும்மா நிற்கும்போதே 94.

இந்தச் சூட்டில் அது தானாக அணைவது நோய் அல்ல, தற்காப்பு. பெரும்பாலான பிராசசர்கள் 100 டிகிரியை நெருங்கும்போது முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் ஏறினால், கருகாமல் இருக்க அணைத்துக்கொள்ளும். போர்டு பழுதானாலும், எஸ்.எம்.பி.எஸ். பழுதானாலும் இதே மாதிரி அணையலாம், மறுக்கவில்லை. அது வேறு, இது வேறு என்று பிரித்துப் பார்ப்பதற்குத்தான் மெக்கானிக்.

பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினோம். பிராசசர் மேலே அலுமினியத் தகடுகள் வரிசையாக நிற்கும், அதன்மேல் விசிறி. விசிறியைக் கழற்றியதும் அவரே சிரித்துவிட்டார். தகடுகளின்மேல் கம்பளி மாதிரி ஒரு படலம்! கைகளால் உரித்தால் துணியாகவே வந்தது. அத்தனையும் பட்டு நூல் பிசிறு. தறிக்கும் மேசைக்கும் ஆறடி தூரம், வேறென்ன சேரும்? அதற்குக் கீழே, இந்தத் தொகுப்பை போர்டில் பிடித்துவைக்கும் நான்கு பிளாஸ்டிக் ஊசிகளில் ஒன்று தூக்கிக்கொண்டு நின்றது. நடுவில் பூசிய தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்புப் பொருக்காகி இருந்தது.

ஒன்பதாம் வகுப்பில் வெப்பக் கடத்தல் நடத்தியது ஞாபகம் இருக்கிறதா? காற்றைவிட அலுமினியம் ஏறக்குறைய 9,000 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். இரண்டு உலோகப் பரப்புகளை அழுத்தி வைத்தாலும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களில் காற்று நிற்கும். அந்தக் காற்றை விரட்டத்தான் பேஸ்ட். அது காய்ந்து, ஒரு மூலையும் தூக்கிக்கொண்டால் உள்ளே சூடு, வெளியே ஓடமுடியாத சூடு. போதாததற்கு அக்னி நட்சத்திர நேரம். அறை 10 டிகிரி ஏறினால் பிராசசரும் கிட்டத்தட்ட அவ்வளவு ஏறும். மார்கழியில் ஒழுங்காக ஓடியது சித்திரையில் அணைவதன் ரகசியம் இதுதான்.

பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்தோம். பழைய பேஸ்ட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தோம். புதியதைத் துவரம்பருப்பு அளவு நடுவில் வைத்து, நான்கு ஊசியும் 'டக்' என்று விழும்வரை குறுக்குக் குறுக்காக அழுத்தினோம். இடையில் ஒரு சந்தேகம் வந்தது. சென்னையில் இருக்கும் என் மாணவன் ஒருவனுக்கு வீடியோ கால் போட்டுக் கேட்டுக்கொண்டேன், வெட்கமில்லை. மறுபடி பயாஸ்: 51 டிகிரி. செலவு 200 ரூபாய்க்குள். தோடு காதிலேயே இருக்கிறது.

இனி என் உண்மையான கோபத்துக்கு வருகிறேன். அது கடைக்காரர்மேல் மட்டும் இல்லை.

இந்த மனிதருக்கு ஜக்கார்டு பெட்டியைப் பிரித்து மாட்டத் தெரியும். நூற்றுக்கணக்கான கொக்கிகள், ஊசிகள். ஒன்று கோணினாலும் மாங்காய் உடைந்து வரும். எந்த ஊசி என்று இருட்டில் கைவைத்துச் சொல்வார். பாவு அறுந்தால் முடிச்சுத் தெரியாமல் பிணைப்பார். அப்படிப்பட்டவர் கம்ப்யூட்டரின் இரண்டு திருகாணியைத் திறக்கப் பயந்தார். யார் பயமுறுத்தியது?

நான்தான். நாங்கள்தான். பள்ளிக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிதில் அந்த அறையைக் கர்ப்பக்கிரகமாக்கினோம். செருப்பைக் கழற்று, வரிசையில் வா, தொடாதே. கதவில் 'தொடாதீர்' என்று சாக்பீஸால் எழுதியது இந்தக் கைதான். தையல் மெஷினையும் சைக்கிளையும் திறந்து பார்த்து வளர்ந்த பிள்ளைகளிடம், இது மட்டும் திறக்கக் கூடாத பெட்டி என்று சொல்லிக்கொடுத்தோம். 1804இல் பிரான்சில் ஜக்கார்டு என்ற நெசவுக்காரர் துளையிட்ட அட்டையால் தறியை ஓட்டியதும், அதே அட்டை யோசனை பிறகு கணக்குப்போடும் இயந்திரத்துக்குப் போனதும் பிள்ளையார்பாளையத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய முதல் பாடம். நான் சொல்லவில்லை. பாஸ்வேர்டைச் சொல்லிக்கொடுத்தேன்.

இதே கோளாறுக்கு நான் என் வீட்டுக் கம்ப்யூட்டர் ஒன்றைப் பழைய இரும்புக்குப் போட்டவன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். எடைக்கு எடுத்துக்கொண்டு போனார்கள்.

கடைக்காரர் பக்கமும் ஒரு வார்த்தை. தூசி தட்ட 400 ரூபாய் என்றால் நாம் பேரம் பேசுகிறோம். புதுசு 38,000 என்றால் அடகுக்கடைக்குப் போகிறோம். பழுது பார்ப்பவன் உழைப்புக்கு நாம் கூலி கொடுக்காவிட்டால் அவன் விற்கத்தான் செய்வான். நெசவுக் கூலிக்காகக் குரல் கொடுக்கும் ஊர் இது, இந்தக் கூலி மட்டும் நமக்கு ஏன் உறுத்துவதில்லை?

2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுது பார்க்கும் உரிமை'க்காக ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டுச் சாதனம், வாகனம் என்று பேசினார்கள். நல்லது. ஆனால் திறக்கவே பயப்படுகிறவனுக்கு உரிமையைக் கொடுத்து என்ன பயன்?

"ஏ.சி. போட்டுக்கலாமே சார்" என்று கீழே எழுதப்போகும் அமெரிக்க மருமகனுக்கு: தறி ஓடும் வீட்டில் ஏ.சி. போட்டுப் பார், மாப்பிள்ளை. "இப்ப யாரு சார் டெஸ்க்டாப் வெச்சிருக்காங்க" என்பவர்களுக்கு: கிராஃப் போடுகிறவர்கள் வைத்திருக்கிறார்கள், பெரிய திரை வேண்டும். லேப்டாப்பிலும் இதே தூசிதான், திறப்பதுதான் கஷ்டம்.

நீங்களே செய்வதானால் சிலவற்றில் விளையாட வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பொத்தானைச் சில விநாடி அழுத்தி மீதி மின்சாரத்தை வடித்துவிடுங்கள். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் பிரிக்காதீர்கள். பிளக் எடுத்த பிறகும் உள்ளே உயிரை எடுக்கும் அளவு மின்சாரம் தேங்கி நிற்கும். புளோயர் அடிக்கும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுழல விட்டால் பேரிங் போகும். வாக்வம் கிளீனர் வேண்டாம். மேசைக்குள் கதவு போட்டு கம்ப்யூட்டரை அடைத்து வைத்திருப்பவர்கள் முதலில் அந்தக் கதவைக் கழற்றுங்கள்.

தனியாகச் செய்யப் பயமாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவாருங்கள். திருப்புளியும் பிரஷ்ஷும் என்னிடம் இருக்கின்றன. பேஸ்ட் தீர்ந்துவிட்டது, வரும்போது ஒரு டியூப் வாங்கி வாருங்கள்.