வலியில் கேட்கும் கையொப்பம்

கருக்கலைப்பு முடிந்து சோர்ந்து கிடக்கும் பெண்ணிடம், "காப்பர்-டி வைத்துக்கொள், இல்லையேல் அறுவை செய்துகொள்" என்று தாளை நீட்டுவது சேவையாம்! இரண்டே வாரத்தில் கருவுறும் ஆற்றல் திரும்பிவிடக்கூடும். அதை அவளுக்குச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் சொல்வது வேறு, அந்நேரத்தில் சம்மதம் பறிப்பது வேறு. 1971-ஆம் ஆண்டுச் சட்டம் கருக்கலைப்புக்குப் பெண்ணின் சம்மதத்தைக் கேட்கிறதேயன்றிக் கருத்தடையை நிபந்தனையாக்கவில்லை.

இலக்குகளை 1996-இலேயே கைவிட்டோம் என்கிறது அரசு. அப்படியானால் 2014 நவம்பரில் பிலாஸ்பூர் அருகே ஒரே முகாமில் 83 பெண்களுக்குக் கருத்தடை அறுவை நடந்ததும், பத்துக்கு மேற்பட்டோர் மாண்டதும் எக்கணக்கில் சேரும்? இத்தகைய முகாம்களை மூன்றாண்டுக்குள் நிறுத்துமாறு உச்ச நீதிமன்றம் 2016-இல் பணிக்க வேண்டியிருந்ததே!

மருத்துவமனையை மட்டும் குறைகூறி நாம் கைகழுவ இயலாது. திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் 1968-இல் இயற்கை முறையை ஏற்று எழுதினார். கணவன் மனம் ஒப்பி விலகியிருந்தாலன்றி அம்முறை நடவாது. (மறையுரைகளில் இது காதில் விழுவது அரிது.) மருத்துவமனைத் தாள் மனைவியிடம் நீள்கிறது, நம் அறிவுரையும் மனைவியிடமே நீள்கிறது. அந்தக் கணவனை அழைத்துப் பேச நம் பங்குகளில் யார் இருக்கிறார்?